வீட்டுத் தோட்டமும் குடும்ப வாணிபமும்: மாத்தளை மாவட்டத்தை நிலைக்களனாகக் கொண்ட ஓர் ஆராய்வு

உழவின் மேன்மையைப் பற்றித் தமிழ்ச் சான்றோர் கூறியவை பல. விளைந்ததை விற்கும் திறத்தைப் பற்றிக் கூறியவை அவற்றை நோக்கச் சிலவே. விளைப்பவன் ஒருவன், விற்பவன் வேறொருவன் என்னும் பிரிவினை நெடுங்காலமாக நம் நாட்டில் நிலைபெற்றுவிட்டமையால், தன் கைப்பொருளுக்குத் தானே விலை கூறும் துணிவு சிறு நிலக்காரனிடம் குன்றிவிட்டது. முற்றத்து மரத்தில் காய்த்ததைச் சாக்கில் கட்டி, வாசலுக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, அதே பொருளைப் பொடியாகவோ பாணியாகவோ கடையிற் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கும் நிலை மலைநாட்டுக் கிராமங்களிற் பெருவழக்காயிருக்கின்றது.

இந்நிலை மாறுதல் கூடுமா? அரை ஏக்கரோ கால் ஏக்கரோ உடைய ஒரு குடும்பம், தன் தோட்டத்து உணவுப் பொருள்களைத் தானே பதப்படுத்தி விற்று வாழ்தல் இயலுமா? மாத்தளை மாவட்டத்தை நோக்குவார்க்கு இவ்வினா வெறும் பொருளியல் வினா அன்று. கிராமத்து இளைஞர் கொழும்புக்கும், தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் பிழைப்பை நாடிச் செல்லும் காலத்தில், ஒரு குடும்பம் ஒரே கூரையின்கீழ் வாழ்தல் கூடுமா என்பதே இவ்வினாவின் உட்பொருளாகும். இதற்கு விடை காண்பதற்கு மாவட்டத்தின் மண்ணையும் வரலாற்றையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

நான்கடுக்குத் தோட்டம்

மாத்தளை மாவட்டம் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொண்டது. அதன் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் மதிலென நிற்கின்றது. தெற்கேயுள்ள உக்குவளை, ரத்தோட்டை, மாத்தளை ஆகிய பகுதிகள் ஈரமும் குளிர்ச்சியும் உடையன. வடக்கே நாவுல, தம்புள்ளை, கலேவெல ஆகியவற்றை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து வறண்டு, குளத்து நீரையும் பருவ மழையையும் நம்பும் வயல் நாடாக மாறுகின்றது. மலையும் சமவெளியும் ஒரே மாவட்டத்துள் அமைந்தமையால், ஒரு புறத்தில் மிளகும் சாதிக்காயும், மறு புறத்தில் வெங்காயமும் மிளகாயும் விளையும் அரிய வளம் இம்மாவட்டத்துக்கு வாய்த்துள்ளது.

மலைப்பகுதி வீட்டுத் தோட்டங்களைக் கண்டித் தோட்டங்கள் என அறிஞர் வழங்குவர். அவற்றைக் காண்போர் முதலிற் காடெனவே மயங்குவர். உற்று நோக்கின், அங்கே ஓர் ஒழுங்கு புலனாகும். மேலடுக்கிற் பலா, ஈரப்பலா, தென்னை, கித்துள் ஆகியன வானை அளாவி நிற்கும். அவற்றின் கீழே சாதிக்காய், கராம்பு, கமுகு ஆகியன நிற்கும். மூன்றாம் அடுக்கிற் கோப்பி, கொக்கோ, வாழை ஆகியன இடம்பெறும். நிலத்தை ஒட்டி இஞ்சி, மஞ்சள், வல்லாரை, கிழங்கு வகைகள் பரந்திருக்கும். இவ்வடுக்குகள் அனைத்தையும் ஊடறுத்து, கிளிசிரிடியா முதலிய தாங்கு மரங்களைப் பற்றி மிளகுக் கொடி ஏறும்.

இவ்வமைப்பின் பயன் மூன்றாகும். உயர்ந்த மரங்களின் இலை உதிர்ந்து மக்கி உரமாதலால் விலை கொடுத்து வாங்கும் உரம் மிகுதியும் வேண்டப்படுவதில்லை. பல்வகை வேர்கள் பல ஆழங்களில் ஊன்றுதலால் சரிவு நிலத்து மண் மழையில் எளிதிற் கரைவதில்லை. ஆண்டின் எத்திங்களிலும் ஏதேனும் ஒன்று காய்த்த வண்ணமிருத்தலால் அடுப்பு அணைவதில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அத்தடை நவம்பரில் நீக்கப்படும் வரையில் நெல்லும் மரக்கறியும் பயிரிட்டோர் பட்ட துயரம் பெரிது. 2022இன் பொருளாதார நெருக்கடியிலும் பணம் கையிலிருந்தும் பொருள் கிடையாத நாட்களை நாடு கண்டது. அந்நாட்களில் முற்றத்துப் பலாவும் மரவள்ளியும் சோற்றின் இடத்தை நிரப்பியதை மலைநாட்டு மக்கள் மறவார்.

எனவே, இத்தோட்டத்திலிருந்து வாணிபம் தொடங்க விரும்புவோர் முதற்கண் உணர வேண்டியது ஒன்றுண்டு. விற்பதற்குரியது தோட்டத்தின் மிகுதியே. வீட்டார் உண்ணும் பொருளையும், தோட்டத்தின் பல்வகைத் தன்மையையும் விற்றுவிட்டால், விலை வீழும் ஆண்டில் அக்குடும்பத்துக்குச் சாய்வதற்குச் சுவர் இராது. இவ்வுண்மையை இம்மாவட்டத்தின் வரலாறே எடுத்துக் காட்டுகின்றது.

கோப்பி கற்பித்த பாடம்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பி இந்நாட்டு மலைகளைத் தன்வயப்படுத்தியது. ஆங்கிலேயத் துரைமாரின் பெருந்தோட்டங்களே பலரும் அறிந்தவை. ஆயினும் சிங்களக் கிராமத்தவர் தம் வீட்டுத் தோட்டங்களில் விளைத்த கோப்பியும் கணிசமான அளவில் ஏற்றுமதியாயிற்று. அதனை வணிகர் ‘நாட்டுக் கோப்பி’ என அழைத்தனர். பொதி மாடுகளின் தவளங்கள் கிராமங்களுட் சென்று அதனைத் திரட்டின. குடும்பத் தோட்டத்தின் விளைவு கடல் கடந்து விலைபோன முற்காலச் சான்று இதுவாகும்.

இங்கே கவனித்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. நாட்டுக் கோப்பி தோட்டக் கோப்பியிலும் குறைந்த விலைக்கே போயிற்று. மண்ணும் மழையும் இரண்டுக்கும் பொதுவாயிருக்க, விலை ஏன் வேறுபட்டது? பழுத்ததும் பழுக்காததும் ஒருங்கே பறிக்கப்பட்டு, தோலோடு வெயிலில் இடப்பட்டு, அரைகுறையாக உலர்ந்த நிலையிற் பொதியாயின. பெருந்தோட்டத்திலோ பழம் தேர்ந்து பறிக்கப்பட்டு, தோல் நீக்கிக் கழுவப்பட்டு, சீராக உலர்த்தப்பட்டது. 1837இல் ஆர். பி. டைட்லர் என்பவர் மேற்கிந்தியத் தீவான ஜமேக்காவிற் கற்ற முறைகளை இங்குப் புகுத்திய பின்னர், தோட்டக் கோப்பியின் தரம் உயர்ந்தது. ஆகவே விலையின் வேறுபாடு பதப்படுத்தலின் வேறுபாட்டோடு பிணைந்திருந்தது.

பெருந்தோட்டங்களின் செல்வமும் நிலைக்கவில்லை. 1869இற் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொடி படிந்தாற்போன்ற நோயொன்று தோன்றியது. மலைமேல் மலையாக ஒரே பயிர் நிறைந்திருந்தமையால், காற்றிற் பரவிய அந்நோய்க்குத் தடையேதும் இருந்திலது. 1878 அளவிற் சுமார் 2,75,000 ஏக்கரிற் பரந்திருந்த கோப்பி, அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய மறைந்தொழிந்தது. கோப்பியை ஏற்றிச் செல்லும் நோக்குடன் மாத்தளைக்கு நீட்டப்பட்ட புகையிரதப் பாதை 1880இல் திறக்கப்பட்டபோது, அக்கோப்பி அழிவின் பாதையில் விரைந்துகொண்டிருந்தமை வரலாற்றின் கசப்பான முரணாகும்.

அக்கோப்பிக்காகவே தென்னிந்தியாவினின்றும் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து, கால்நடையாக மாத்தளையை அடைந்தோர் எண்ணிறந்தோர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோரும் மிகப் பலர். அவ்வழியினர்க்கு மலைநாட்டின் வாயிலாக விளங்கிய மாத்தளை நகரில், முத்துமாரியம்மன் கோயில் இன்றும் அவ்வரலாற்றின் நினைவாக நிற்கின்றது. கோப்பி அழிந்தபின் தேயிலை, கொக்கோ, இறப்பர் எனப் பயிர்கள் மாறின. பயிர் மாறிய போதெல்லாம் உழைத்த கைகள் மாறவில்லை. நிலமும் அக்கைகளுக்கு உரிமையாகவில்லை.

இவ்வரலாறு தரும் பாடம் இரு கூறானது. ஒற்றைப் பயிரை நம்புதல் ஆகாது என்பது ஒன்று. பதப்படுத்தாப் பொருளுக்குப் பெருவிலை இல்லை என்பது மற்றொன்று.

அறுவடைக்கும் விற்பனைக்கும் இடையே

வீட்டுத் தோட்டத்து விளைவு வருமானமாக மாறுவது அறுவடைக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட சில நாட்களிலேயே ஆகும். மாத்தளையின் முதன்மைப் பொருளாகிய மிளகு இதற்குத் தக்க சான்று.

மிளகுக் கொடி நட்ட மூன்றாம் ஆண்டளவிற் காய்க்கத் தொடங்கும். பூத்ததிலிருந்து காய் முற்றுவதற்கு ஏழு முதல் ஒன்பது திங்கள் செல்லும். கதிரில் ஓரிரு மணிகள் செம்மை பெறும் பருவமே பறித்தற்குரிய பருவமாகும். ஆயினும் பலர் அதுவரை பொறுப்பதில்லை. இரவிற் களவு போகுமென்னும் அச்சம் ஒருபுறம். பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, மருத்துவச் செலவு ஆகியன தரும் நெருக்குதல் மறுபுறம். இளங்காயைப் பறித்தால் நிறை குறையும். உலர்ந்தபின் மணி சுருங்கி உள்ளீடற்றதாகும். வியாபாரியும் அதற்கேற்ப விலையைக் குறைப்பான்.

முற்றிய மிளகைப் பறித்தபின் செய்யும் வேலை எளியது. ஆயின் கவனம் வேண்டுவது. மணிகளைக் காம்பிலிருந்து பிரித்து, துணியிலோ வலைப்பையிலோ இட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் இரண்டொரு நிமிடம் அமிழ்த்தி எடுத்தல் வேண்டும். இதனால் அழுக்கும் நுண்ணுயிரும் நீங்குகின்றன; மணிகள் ஒரே சீரான கருநிறம் பெறுகின்றன; உலரும் காலமும் குறைகின்றது. பின்னர்த் தூய பாயில் அல்லது நிலத்திலிருந்து உயர்த்திய தட்டில் மெல்லியதாகப் பரப்பி, நல்ல வெயிலில் மூன்று முதல் ஏழு நாள் வரை காயவைத்தல் வேண்டும். ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று; மேற்படின் பூஞ்சணம் பிடிக்கும். வெறுந்தரையிலும் வீதியோரத் தாரிலும் உலர்த்துவோர், புழுதியையும் கோழி எச்சத்தையும் சேர்த்தே விற்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மிளகு ஒரு கிலோ உலர்மிளகாகும். இவ்விகிதத்தை நினைவிற் கொண்டால் கணக்கு எளிதாகும். மூன்று கிலோ பச்சை மிளகின் விலைக்கும் ஒரு கிலோ உலர்மிளகின் விலைக்கும் இடையேயுள்ள வேறுபாடே அக்குடும்பத்தின் சில நாள் உழைப்புக்குக் கிடைக்கும் கூலி. அவ்வுலர்மிளகையே சுளகிற் புடைத்து, கல்லும் தூசும் பொக்கும் நீக்கி, நூறு கிராம் பொதிகளாக்கி விற்பின், வியாபாரிக்குச் செல்லும் இலாபத்தின் ஒரு பகுதியும் வீட்டை வந்தடையும்.

ஏனைப் பொருள்களுக்கும் இவ்விதி பொருந்தும். சாதிக்காயை நிலத்தில் விழுந்து நாட்பட விடாது உடன் பொறுக்கி, மேற்போர்த்திய வசவாசியைப் பிரித்து வேறாக உலர்த்தி, ஓட்டினுள் விதை ஆடி ஒலிக்கும் வரை காயவைத்தல் வேண்டும். ஈரத்தோடு கட்டிவைத்த சாதிக்காயிற் கொடிய பூஞ்சண நஞ்சு தோன்றும். கராம்பு மொட்டு விரியுமுன் கொய்யப்படுதல் வேண்டும். மலர்ந்துவிட்டால் அதன் விலையும் உதிர்ந்துவிடும். கொக்கோ விதையை ஐந்தாறு நாள் புளிக்கவைத்து உலர்த்தினாலன்றி அதற்கு உரிய மணம் தோன்றாது. மஞ்சளை அவித்து உலர்த்திப் பொடித்தல் வேண்டும். பச்சைக் கிழங்கு ஐந்து கிலோ ஏறத்தாழ ஒரு கிலோ உலர் மஞ்சளாகும்.

மஞ்சளின் அண்மைக்கால வரலாறு பிறிதொரு பாடத்தையும் தருகின்றது. 2019இன் இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டது. 2020இல் ஒரு கிலோ மஞ்சட் பொடியின் விலை சில ஆயிரம் ரூபாவாக ஏறியது. முன்னரே வேலியோரத்தில் நாலு மூடு மஞ்சள் வைத்திருந்தோர் பயனடைந்தனர். விலையைக் கண்டபின் கடன்பட்டு நிலமெங்கும் மஞ்சள் நட்டோர், விளைச்சல் பெருகி விலை இறங்கிய காலத்தில் அறுவடை செய்தனர். சந்தை விலையைத் துரத்தி நடுபவன் எப்பொழுதும் ஒரு போகம் பிந்தியே சென்றடைகின்றான்.

மிளகின் விலையும் இத்தன்மைத்தே. 2015ஐ ஒட்டி உலகச் சந்தையில் உச்சத்திலிருந்த மிளகு விலை, வியட்நாமின் விளைச்சல் பெருகியதனால் அடுத்த சில ஆண்டுகளிற் பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. இலங்கை மிளகை மிகுதியாகக் கொள்ளும் இந்தியா, தன் உழவரைக் காக்கும்பொருட்டு 2017 டிசம்பரில் இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 இந்திய ரூபாவெனக் குறைந்தபட்ச விலை விதித்தது. ரத்தோட்டைக் கொல்லையிற் காய்க்கும் மிளகின் விலை தொலைதூரத் தலைநகரங்களில் முடிவாகின்றது. அதனை மாற்றும் ஆற்றல் சிறு நிலக்காரனுக்கில்லை. ஆயின் நன்றாக உலர்ந்த மிளகு ஓராண்டுக்கு மேலும் கெடாதிருக்கும். விலை ஏறும்வரை பொறுத்திருக்கும் ஆற்றலை அது அவனுக்குத் தருகின்றது. பச்சை மிளகை விற்பவனுக்கு அப்பொறுமைக்கு இடமில்லை.

கணக்கேடும் சட்டமும்

குடும்ப வாணிபங்கள் பெரும்பாலும் நலிவது விளைச்சற் குறையாலன்று, கணக்கின்மையால் ஆகும். வீட்டாரின் உழைப்புக்கு விலை இடாமையே முதற் பிழை. தாயும் மகளும் நான்கு நாள் இருந்து தேசிக்காய் ஊறுகாய் செய்கின்றனர் என்க. காய் தோட்டத்தது, உப்பும் மிளகாயும் போத்தலும் மட்டுமே வாங்கப்பட்டன. போத்தல்களை விற்று வந்த பணத்தில் இவற்றின் விலையைக் கழித்து எஞ்சியதை இலாபம் என்கின்றனர். அவ்விருவரின் எட்டு நாட் கூலியையும், தேசிக்காயைக் காயாகவே விற்றிருந்தால் வந்திருக்கும் பணத்தையும், எரித்த விறகையும், உடைந்த போத்தல்களையும் கழித்துப் பார்ப்பின், இலாபம் எனக் கருதியது நட்டமாக இருத்தலும் கூடும். இதனை முன்னறிந்தால் விலையைத் திருத்தலாம். அன்றி வேறு பொருளை மேற்கொள்ளலாம்.

ஆகவே நாற்பது பக்கக் கொப்பி ஒன்றே இவ்வாணிபத்தின் முதல் முதலீடாதல் வேண்டும். அதில் அறுவடை நிறை, உலர்ந்த நிறை, செலவு, உழைத்த நாட்கள், விற்ற இடம், பெற்ற விலை ஆகிய ஆறினையும் நாள்தோறும் எழுதி வருதல் போதும். வீட்டுச் செலவுப் பணமும் வாணிபப் பணமும் ஒரே பெட்டியிற் கலத்தல் கூடாது. ஓராண்டுக் கணக்கைக் கொண்டு நோக்கும்போது, எம்மரம் வீட்டைத் தாங்குகின்றது, எப்பொருள் உழைப்பை வீணாக்குகின்றது என்பது தெற்றெனப் புலனாகும். பள்ளியிற் பயிலும் பிள்ளைகளிடம் இவ்வேட்டை ஒப்படைத்தல் சாலவும் நன்று. அவர்களுக்குக் கணிதம் கைவரும். பெற்றோரின் உழைப்பின் அருமையும் விளங்கும்.

உணவை விற்பவன் பிறர் உயிருக்குப் பொறுப்பாளனாகின்றான். அதனாலேயே 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், அதன்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளும் உணவுப் பொருள்களின் தூய்மையையும் பொதியின் மேலெழுத்தையும் வரையறுத்துள்ளன. பொருளின் பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, செய்த நாள், முடிவு நாள், செய்தவரின் முகவரி ஆகியன பொதியிற் காணப்படுதல் வேண்டும். நிறுக்கும் தராசு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்கு அமைய முத்திரையிடப்பட்டதாயிருத்தல் வேண்டும். வியாபாரப் பெயரைக் கிராம அலுவலர் வாயிலாகப் பிரதேச செயலகத்திற் பதிவுசெய்யலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு அஞ்சுவோர் பலர். தொழில் தொடங்குமுன் அவரைத் தாமே அழைத்துச் சமையற் கொட்டிலைக் காட்டி ஆலோசனை கேட்பவர்க்கு அவர் கட்டணமில்லா ஆசிரியராவார்.

சந்தையின் வழிகள்

பொருள் ஆயத்தமான பின் அதனை எங்கே விற்பது என்னும் வினா எழுகின்றது. மாத்தளை மாவட்டத்திலுள்ள வழிகள் ஒவ்வொன்றுக்கும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

1999இல் நிறுவப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி வாணிபத்துக்கு நடுநாயகமாய் விளங்குகின்றது. பாரவூர்தி நிறைய மரக்கறி கொண்டு செல்பவனுக்கு அது தக்க இடம். பத்துக் கிலோ பாகற்காயுடன் செல்லும் குடும்பத்துக்கு வழிச்செலவே மிஞ்சும். மேலும், நம் நாட்டிற் பழமும் மரக்கறியும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, ஏற்றி இறக்குவதிலும் அடுக்கிக் கட்டுவதிலும் பழுதாகி வீணாகின்றன எனக் கணிக்கப்படுகின்றது. சிறு தோட்டக்காரன் மொத்தச் சந்தையை நாடுவதினும், அயலிலுள்ள வாரச் சந்தையையும் சில்லறைக் கடையையும் நாடுதல் பயனுடைத்து.

கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கே செல்லும் பெருவீதியின் இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல உள. சுற்றுலாப் பயணிகள் அங்கே மிளகுக் கொடியையும் வனிலாவையும் கண்டு மகிழ்ந்து எண்ணெயும் பொடியும் வாங்கிச் செல்வர். வழிகாட்டிகளுக்குக் கொடுக்கும் தரகும் அங்கே விலையிற் சேர்வதுண்டு. சிறு குடும்பம் அதனைப் போலச் செய்ய முயலாது, தன் வாசலிலேயே நியாய விலைக்குத் தூய பொருளை வைத்திருப்பின், ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் தேடி வருவர். குண்டசாலை, கன்னொறுவை முதலிய இடங்களில் விவசாயத் திணைக்களம் கிராமப் பெண்களுக்கென நடத்தும் ‘ஹெல பொஜுன்’ உணவகங்கள் இத்துறையில் நல்லதொரு முன்மாதிரி. அங்கே பெண்கள் உள்ளூர்த் தானியத்தாலும் கிழங்காலும் இலைகளாலும் சிற்றுண்டி செய்து, வாங்குவோரின் கண்ணெதிரிலேயே விற்கின்றனர். இடையில் தரகர் எவருமிலர்.

தனிக் குடும்பத்தால் இயலாத சில வேலைகள் உண்டு. உலர்த்தும் பொறி, அரைக்கும் ஆலை, நல்ல தராசு ஆகியவற்றைப் பத்துக் குடும்பங்கள் கூடி வாங்குதல் எளிது. இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இலேயே இயற்றப்பட்டது. கேரளத்தில் 1998இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ இயக்கத்தில், பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட அயற்கூட்டங்கள் சேமிப்பில் தொடங்கி, காய்கறி விளைத்தலிலும் உணவு விற்பனையிலும் ஈடுபட்டுள்ளன. வீட்டுத் தோட்டமும் மிளகும் பலாவும் கேரளத்துக்கும் மாத்தளைக்கும் பொதுவாதலின், அவ்வியக்கத்தின் பட்டறிவு ஈண்டு பயன்படுத்தத் தக்கது. மாத்தளையிலுள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் மிளகு முதலிய பயிர்களின் நல்லினங்களையும் பதப்படுத்தும் முறைகளையும் ஆராய்கின்றது. அருகிலிருக்கும் இவ்வறிவைத் தேடிச் சென்று பெறுதல் உழவரின் கடனாகும்.

ஏழு பேர்ச் நிலம்

இதுகாறும் கூறியவை தமக்கென நிலமுடையார்க்குப் பொருந்தும். மாத்தளையின் பெருந்தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலை வேறு. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003இன் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரும் குடியுரிமை எய்திய அம்மக்களுக்கு, நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக உழைத்த மண்ணில் வீட்டுத் தோட்டம் என்பது லயத்து வாசலிற் கீரைப் பாத்தி அளவிலேயே நின்றது. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் வழங்கும் கொள்கை மேற்கொள்ளப்பட்டது. 160 பேர்ச் ஓர் ஏக்கராதலின், அது ஓர் ஏக்கரின் இருபத்திரண்டில் ஒரு பங்குக்கும் குறைவானது. அதன் பரப்புச் சுமார் 1,905 சதுர அடி. இந்திய உதவியுடன் அமைக்கப்பட்ட வீடுகளைப் போல 550 சதுர அடியில் வீடு எழும்பின், வழியும் வடிகாலும் உட்பட எஞ்சுவது ஏறத்தாழ 1,350 சதுர அடியே.

அச்சிறு பரப்பிற் பலாவும் சாதிக்காயும் வளர்த்தல் இயலாது. ஆயினும் அங்கே ஒன்றும் செய்தற்கியலாது எனக் கூறுதல் பொருந்தாது. மிளகுக் கொடியின் பக்கக் கிளைகளை வேரூன்றச் செய்து, படராத செடிமிளகாகச் சாடியில் வளர்க்கலாம். சாக்குகளில் மண்ணும் மக்கிய எருவும் இட்டு இஞ்சி வளர்க்கலாம். கொட்டிலில் மரத்தூட் பைகளிற் சிப்பிக் காளான் விளைக்கலாம். வேலியையே முருங்கையாலும் அகத்தியாலும் அமைக்கலாம். அனைத்தினும் மேலாக, தோட்டமக்களின் பெண்களிடம் கறித்தூள் வறுக்கும் பக்குவமும், ஊறுகாய், வடகம் முதலியன செய்யும் கைத்திறனும் உண்டு. அயற் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களிடம் மிளகும் மஞ்சளும் கொறக்காயும் உண்டு. ஒரு சாராரின் மரமும் மற்றொரு சாராரின் கைத்திறனும் கூடுமிடத்துத் தோன்றும் வாணிபம் இரு சாராரையும் வாழ்விக்கும். ஒருவரையொருவர் அறிவதற்கும் வழிகோலும்.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. காணி உறுதி கையில் இல்லாதவன் மூன்றாண்டில் காய்க்கும் கொடியையோ, ஏழெட்டாண்டில் காய்க்கும் மரத்தையோ நடத் துணியான். வங்கியும் அவனுக்குக் கடன் தர முன்வராது. நிலவுரிமை இல்லாதவிடத்துக் குடும்ப வாணிபம் பற்றிய அறிவுரைகள் யாவும் பாதி வழியிலே நின்றுவிடும். ஆகவே காணி உறுதி வழங்குதல் அரசின் கருணைச் செயலன்று, பொருளாக்கத்தின் முதற்படியாகும்.

இடர்கள்

இத்தொழிலில் இடர்களும் உள. மழைக்காலத்தில் உலர்த்த இயலாமை ஒன்று. மாத்தளையில் மிளகின் பெரும்போகம் ஆண்டு முடிவை ஒட்டி வருதலால், மழையும் அறுவடையும் ஒருங்கே கூடுவதுண்டு. ஒளிபுகும் பொலித்தீன் கூரையிட்ட சிறு உலர்கூடம் இதற்குத் தக்க பரிகாரம். மண்சரிவு மற்றொன்று; 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயல் மலைநாட்டு மாவட்டங்கள் பலவற்றில் விளைத்த அழிவு, சரிவு நிலத்தில் மரமும் வேரும் வடிகாலும் எத்துணை இன்றியமையாதன என்பதை மீண்டும் உணர்த்தியது.

குரங்கின் தொல்லையோ நாளாந்தத் துயரமாகும். தேங்காயையும் வாழையையும் பலாப்பிஞ்சையும் அழிக்கும் குரங்குகளால் தோட்டத்தையே கைவிட்டோர் உளர். 2025 மார்ச் 15ஆம் நாள் காலையில், நாடெங்கும் ஒரே வேளையில் ஐந்து நிமிடம் குரங்கு, மந்தி, மலையணில், மயில் ஆகியவற்றை மக்களைக் கொண்டு எண்ணுவித்த அளவுக்கு இச்சிக்கல் முற்றியது. குரங்குகள் பெரிதும் விரும்பாத மிளகு, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றை வீட்டுக்குத் தொலைவிலும், கனிகளை வீட்டார் கண்காணிக்கும் தொலைவிலும் அமைத்தல் ஓரளவு பயன் தரும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், குடும்ப வாணிபம் தொடங்குவோர் பின்பற்றத்தக்க ஒழுங்கு ஒன்று புலனாகின்றது. முதலாண்டில் எதனையும் புதிதாக நடாது, இருப்பவற்றை எண்ணி எழுதுக. வீட்டுக்கு வேண்டியது இது, மிகுதி இது எனப் பிரித்தறிக. மிகுதியுள் நன்கு உலர்த்தி வைக்கத்தக்க ஒரு பொருளை மட்டும் தேர்ந்து, அதனைக் குறைவறச் செய்து பழகுக. அதன் கணக்கு இலாபம் காட்டிய பின்னரே இரண்டாம் பொருளை மேற்கொள்க. கடனை முதலிலன்றி இறுதியிலே நாடுக.

இவ்வாறு தொடங்கும் வாணிபம் ஒரு குடும்பத்தைச் செல்வர் வரிசையிற் சேர்த்துவிடாது. ஆயின் மத்திய கிழக்கு நாடொன்றிற் பிறர் வீட்டு அடுப்பை எரிக்கச் செல்லும் தாயொருத்தி, தன் பிள்ளைகளின் அருகிலிருந்து தன் அடுப்பை எரிப்பதற்கு அது போதுமானதாகலாம். மாத்தளையின் மண் அதற்கு வேண்டியதைத் தர வல்லது. உலர்ந்த பாயும் முத்திரையிட்ட தராசும் ஒழுங்கான கணக்கேடும் மக்களின் முயற்சியால் அமைய வேண்டியவை. காணி உறுதி நாட்டின் நீதியால் அமைய வேண்டியது.